படர்க்கையில் ஒரு கால்வாய்

1

தொல்காப்பியக் கிளவியாக்கத்தில் செலவு, வரவு, தரவு, கொடை என்கிற நான்கு சொற்களை ஒன்றாக வைத்து ஓர் இலக்கணம் சொல்லப்படுகிறது. வருவதும் தருவதும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. செல்வதும் கொடுப்பதும் படர்க்கைக்கு உரியவை. எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான். ஆனால் அவனுக்குக் கொடுத்தான். என்னிடம் வந்தான், அவனிடம் சென்றான். தமிழ் எம்.ஏ. படித்த எல்லோரும் தேர்வுக்காக ஒருமுறையாவது இதை உருப்போட்டிருப்போம். அப்புறம் மறந்திருப்போம்.

இந்த நான்கு சொற்களும் இன்றைக்குப் பெரும்பாலும் கணக்குப் புத்தகத்துக்குள் குடியேறிவிட்டன. வரவு செலவு என்றால் பட்ஜெட். கொடை என்றால் நன்கொடை ரசீது. தரவு என்றால் புள்ளிவிவரம். பயணம் என்ற பொருளில் 'செலவு' வழக்கொழிந்து ரொம்ப நாளாகிறது. சங்க அகமரபில் தலைவன் பிரிந்துபோகத் துணிந்து பிறகு தயங்கி நிற்பதற்குச் 'செலவழுங்குதல்' என்று பெயர். கடந்த நூற்றாண்டில் பாரதிதாசன் தம் கவிதை ஒன்றுக்கு 'மாவலிபுரச் செலவு' என்று தலைப்பிட்டபோது அந்தப் பழைய பொருளைத்தான் மீட்டார். தோழர்களோடு சென்னையிலிருந்து தோணி ஏறி மாமல்லபுரம் போனதைச் சொல்கிற கவிதை அது. அவர்கள் போன நீர்வழி பக்கிங்காம் கால்வாய்.

அந்தக் கால்வாயைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன். ஆந்திரத்தின் பெத்த கஞ்சத்திலிருந்து விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் வரை, கடலுக்கு இணையாக, ஏறக்குறைய 420 கிலோமீட்டர் நீளம். அதில் 257 கிலோமீட்டர் ஆந்திரத்தில், 163 கிலோமீட்டர் தமிழகத்தில். இருநூறு வருஷத்துக்கு மேற்பட்ட இதன் வரலாறு செலவு, கொடை என்கிற இரண்டு சொற்களாலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதாவது முழுக்க முழுக்கப் படர்க்கையில் எழுதப்பட்டிருக்கிறது என்பது என் வாதம். வெட்டியவர்களும் 'அவர்கள்', தோணி இழுத்தவர்களும் 'அவர்கள்', இன்று கரையில் குடிசை போட்டிருப்பவர்களும் 'அவர்கள்'. இந்த மூன்று 'அவர்க'ளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டியிருக்கிறது.

2

சென்ற தை மாதம் நானும் நாடகத்துறை நண்பர் ஒருவருமாகப் புதுச்சேரிக்கு ஒரு வேனில் கிளம்பினோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாலைந்து இடங்களில் இறங்கிக் கால்வாய்க் கரையோடு போகலாம் என்று இரண்டு சைக்கிள்களை வேனின் பின்னால் போட்டுக்கொண்டோம். காரிலும் வேனிலும் போகிறவர்களுக்கு இந்தக் கால்வாய் கண்ணில் படுவதே இல்லை. பாலத்தின் மேல் மூன்று விநாடி, அவ்வளவுதான். சைக்கிள் வேகத்தில் போனால்தான் அது தொடர்ச்சியான ஒரு பொருளாகத் தெரிகிறது.

தொடர்ச்சி என்று சொன்னது நீருக்குத்தான் பொருந்தும், கரைக்கு இல்லை. முட்டுக்காட்டுப் பக்கம் கால்வாய் கழிமுகத்தோடு கலந்து அகன்று கிடக்கிறது. தெற்கே போகப் போக உப்பளம், சவுக்குத் தோப்பு, மறுபடி உப்பளம். சதுரங்கப்பட்டினம், கடப்பாக்கம், மரக்காணம் என்று வரிசையாகப் போகிறோம். சில இடங்களில் கரை நன்றாகத் திட்டமாக, மாட்டுவண்டி போகுமளவுக்குச் சமமாக இருக்கிறது. நூறு மீட்டர் தாண்டினால் சீமைக் கருவேலம் அடைத்துக்கொள்கிறது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும். முள் குத்தி இரண்டு தடவை பஞ்சர். கடப்பாக்கத்துப் பக்கம் ஒரு டீக்கடையில், காவா ஓரமாகவா சைக்கிளில் வந்தீர்கள் என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

அந்தச் சமமான துண்டுகள்தான் எனக்குக் கேள்வியாக இருந்தன. வெட்டி எடுத்த மண்ணைக் கொட்டிய கரை மேடும் பள்ளமுமாகத்தானே இருக்கவேண்டும்? மரக்காணத்துக்குச் சற்று வடக்கே, வலையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் அதற்குப் பதில் வைத்திருந்தார். வயது எண்பதுக்கு மேலே இருக்கும்.

"ஐயா, இந்தக் கரை முன்னாடி ரோடா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"ரோடு இல்ல தம்பி. கயிறு போட்டு நாங்க இழுத்துக்கினு போன வழி. காத்து இருந்தா பாய் கட்டுவோம். காத்து இல்லன்னா ரெண்டு பேரு கரையில எறங்கி இழுக்கணும், ஒருத்தன் தோணியில நின்னு கழி போடணும். உப்பு, சவுக்குக் கட்டை எல்லாம் பட்டணத்துக்கு அப்படித்தான் போச்சு. நான் சின்னப் பையன், எங்க அப்பாகூட இழுத்திருக்கேன்."

"எவ்வளவு நாள் ஆகும் பட்டணம் போய்ச் சேர?"

"அது காத்தோட இஷ்டம். நம்ம இஷ்டமா?"

கரை சமமாக இருப்பதற்குக் காரணம் மனிதக் கால்கள். தலைமுறை தலைமுறையாக மிதித்து மிதித்து இறுகிய மண். ஆவணக் காப்பகத்தில் இழுத்தவர்களின் பெயர்ப் பட்டியலைத் தேடுகிறவர்கள் இந்தக் கரையை ஒரு பிரதியாக வாசிக்கலாம்.

உலகத்தில் பல நாடுகளில் பழைய கால்வாய்க் கரைகள் இன்று சைக்கிள் தடங்களாகிவிட்டன. அமெரிக்காவில் வாஷிங்டனிலிருந்து கம்பர்லாந்து வரை செல்லும் செசபீக்–ஒஹையோ கால்வாயின் கரை 184.5 மைல் நீளம். 1828 முதல் 1850 வரை வெட்டப்பட்டது. அங்கே கரையில் நடந்து படகு இழுத்தவை கோவேறு கழுதைகள். கால்வாய் வழக்கொழிந்த பிறகு அதன் தடத்தில் மோட்டார் சாலை போடத் திட்டமிட்டார்கள். உச்சநீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் 1954-இல் அந்தக் கரை நெடுக நடந்து அதை எதிர்த்தார். 1971-இல் அது தேசிய வரலாற்றுப் பூங்காவாயிற்று. இன்று குடும்பத்தோடு வந்து சைக்கிள் ஓட்டுகிறார்கள். அதை வெட்டியவர்களில் பெரும்பகுதி பிழைக்க வந்த ஐரிஷ் கூலிகள் என்பதும், 1832-இல் காலரா அவர்களை வாரிக்கொண்டு போனது என்பதும் அந்த வரலாற்றின் இன்னொரு பக்கம். பாரம்பரியத் தடம் என்பது எங்கேயும் இப்படித்தான் உண்டாகிறது. வேர்வை காய்ந்த பிறகு தடம் அழகாகிறது. நமக்கும் அவர்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு: கழுதை அங்கே செய்ததை இங்கே மனிதன் செய்தான்.

பாரதிதாசனின் கவிதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். வெயிலும் நீரும் தோப்புமாகக் காட்சி இன்பத்தில் தொடங்குகிற கவிதை, போகப்போகத் தோணியை நகர்த்துகிறவர்களின் பாட்டைப் பார்த்துவிடுகிறது. பயணியின் கண் உழைப்பாளியின் உடல்மேல் விழுந்துவிடுகிறது. நவீனத் தமிழ்க் கவிதையில் இந்தக் கால்வாயின் தொழிலாளி தலைகாட்டுகிற அரிய இடம் அது. அங்கேயும் அவர்கள் பேசுவதில்லை, பார்க்கப்படுகிறார்கள். ஒருவருக்குச் செலவு என்றால் பயணம். இழுத்தவருக்கோ செலவானது உடம்பு. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது தற்செயல்தான். ஆனாலும் கணக்கு சரியாகவே இருக்கிறது.

3

கால்வாய் தொடங்கியது வியாபாரத்தில். பேசில் காக்ரேன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர், கடற்படைக்கு உணவுப் பண்டங்கள் வழங்கும் ஒப்பந்தங்களால் பணம் சேர்த்தவர், 1801-இல் சென்னையிலிருந்து எண்ணூருக்குக் கால்வாய் வெட்டத் தொடங்கினார். 1806-இல் 11 மைல் முடிந்தது. காக்ரேன் கால்வாய் என்று பெயர். அதே காலகட்டத்தில்தான், 1805-இல், சென்னை மாகாணத்தில் உப்பு கம்பெனியின் ஏகபோகமாக ஆக்கப்பட்டது என்பதைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். உப்பும் விறகும் நகரத்துக்குள் வர ஒரு மலிவான வழி தேவைப்பட்டது. பேசின் பிரிட்ஜ் பக்கத்து 'சால்ட் கொட்டார்ஸ்' சரக்கு முற்றத்தின் பெயரில் அந்த உப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உப்புக் கொட்டாரம் என்பது ஆங்கிலேயர் வாயில் அப்படியாயிற்று. 1837-இல் கால்வாயை அரசு எடுத்துக்கொண்டது. பிறகு வடக்கேயும் தெற்கேயும் துண்டு துண்டாக நீட்டப்பட்டது.

காக்ரேன் பெயர் போய் பக்கிங்காம் பெயர் வந்தது ஒரு பஞ்சத்தில். நம் கிராமங்களில் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வார்கள். 1876-இல் பருவமழை பொய்த்தது. பஞ்சம் 1878 வரை நீடித்தது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 55 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 82 லட்சம் வரை போகிற மதிப்பீடுகளும் உண்டு. 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் நடந்துகொண்டிருந்தபோது தென்னிந்தியாவில் பிணம் விழுந்துகொண்டிருந்தது. தானிய ஏற்றுமதியும் நிற்கவில்லை.

அந்தச் சமயத்தில் சென்னை கவர்னர் பக்கிங்காம் டியூக். அவருடைய அரசு தானியம் வாங்கி இருப்பு வைக்க முயன்றபோது கல்கத்தாவிலிருந்து கண்டனம் வந்தது. சந்தையில் அரசு கை வைக்கலாகாது என்பது வைஸ்ராய் லிட்டனின் கொள்கை. செலவைக் கட்டுப்படுத்த ரிச்சர்ட் டெம்பிள் அனுப்பப்பட்டார். இந்த டெம்பிளின் முன்கதை சுவாரஸ்யமானது. 1873–74 பீகார்ப் பஞ்சத்தில் இவர்தான் பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்துச் சாவைப் பெருமளவு தடுத்தவர். அதற்காகப் பாராட்டு கிடைக்கவில்லை, அளவுக்கு மீறிச் செலவழித்துவிட்டார் என்று ஏச்சுதான் கிடைத்தது. சென்னைக்கு வந்தபோது அவர் திருந்தியிருந்தார். உயிர்களைக் காப்பாற்றியது குற்றம் என்று கற்பிக்கப்பட்ட ஓர் அதிகாரி அடுத்த பஞ்சத்தில் என்ன செய்வாரோ அதைச் செய்தார்.

'டெம்பிள் கூலி' என்று வரலாற்றில் பெயர் பெற்றது அது. நாள் முழுவதும் மண் வெட்டும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியம், ஒரு அணா. ராத்தல் என்பது ஏறக்குறைய 450 கிராம். பெண்ணுக்கும் வேலை செய்யும் சிறுவருக்கும் அதைவிடக் குறைவு. கூடுதலாகக் கொடுத்தால் ஜனங்கள் அரசைச் சார்ந்து வாழப் பழகிவிடுவார்கள் என்பது காரணம். மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் எதிர்த்தார். கடின வேலை செய்யும் உடலுக்குக் குறைந்தபட்சம் ஒன்றரை ராத்தல் தானியம் வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். 1877 மார்ச்சில் சென்னை அரசு பாதி வழி இறங்கி வந்தது: 570 கிராம் தானியம், 43 கிராம் பருப்பு.

இந்தச் சண்டையில் கார்னிஷ் மனிதாபிமானி, டெம்பிள் கொடியவர் என்று முடித்துவிடுவது சுலபம். அந்த வித்தியாசம் பொய்யில்லை. அந்தக் கால் ராத்தலில் எத்தனையோ உயிர் தங்கியிருக்கும். ஆனால் இருவரும் பேசிக்கொண்ட மொழியைக் கவனியுங்கள். ஓர் உடல் சாகாமல் மண் சுமக்க எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்பதே விவாதம். ஃபூக்கோ சிறை, பாசறை, மருத்துவமனை ஆகியவற்றில் வைத்துப் பேசிய உடல் மீதான அதிகாரம், நம்மூரில் ஒரு கால்வாய்ப் பள்ளத்தில் தராசும் கையுமாக நின்றது. பசித்தவர் உண்மையிலேயே பசித்தவர்தானா என்று சோதிக்க வேலை ஒரு கருவியாயிற்று. வேலை செய்தால் உணவு. செய்ய முடிந்தால் நிவாரணத்துக்குத் தகுதி, முடியாவிட்டால் வேறு பட்டியல். 1880-இல் பஞ்ச ஆணையம் தந்த அறிக்கையும் அதையொட்டி 1883 முதல் உருவான பஞ்ச விதித்தொகுப்புகளும் இதைத்தான் சட்டமாக ஒழுங்குபடுத்தின.

1877–78-இல் இப்படி நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் 8 கிலோமீட்டர். அதுவரை வடக்குத் துண்டாகவும் தெற்குத் துண்டாகவும் கிடந்த நீர்வழி அதனால் நகரத்தின் நடுவே ஒன்றுசேர்ந்தது. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மந்தைவெளி வழியாகப் போகிற துண்டு. அதற்குப் பிறகு முழுக் கால்வாய்க்கும் கவர்னர் பெயர் சூட்டப்பட்டது. கூலியைக் குறைத்தவர் பெயரை வைக்காமல், கூட்டிக் கொடுக்க முயன்றவர் பெயரை வைத்தார்களே என்று ஆறுதல்பட்டுக்கொள்ளலாம். இரண்டில் எதுவானாலும் அது கொடுத்தவன் பெயர். கொடை படர்க்கைக்கு உரியது என்ற விதி பெயர்ப்பலகையிலும் வேலை செய்கிறது: கொடுப்பவனுக்குப் பெயர் உண்டு, வாங்கியவர்கள் வெறும் 'அவர்கள்'.

4

ஆங்கிலேயன் எழுதிய வரலாறு அப்படித்தான் இருக்கும், நம் இலக்கியம் என்ன செய்தது என்று கேட்கவேண்டும்.

தாது வருஷப் பஞ்சத்தை நம் இலக்கிய வரலாறுகள் ஞாபகம் வைத்திருப்பது மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பெயரால். அவர் தம் சொத்தைச் செலவிட்டுக் கஞ்சித்தொட்டி வைத்ததையும், அதற்காக கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மேல் கீர்த்தனை பாடியதையும் பாடநூல்கள் சொல்கின்றன. வேதநாயகம் பிள்ளையின் ஈகையைக் குறைத்துச் சொல்ல எனக்கு எந்த நோக்கமும் இல்லை. ஆனால் பாட்டு கொடுத்தவரைப் பாடியது. கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களின் ஊர், சாதி, பெயர், அவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பது பாட்டுக்குள் வரவில்லை. புறநானூறு தொட்டு வருகிற புரவலர் மரபு இது. பசியையும் வறுமையையும் நம் புலவர்கள் அற்புதமாகப் பாடியிருக்கிறார்கள், சந்தேகமில்லை. பெரும்பாலும் அந்தப் பசி பரிசிலுக்கு முந்தைய பத்தியாகவே வருகிறது.

பஞ்சத்துக்குக் கும்மிப் பாட்டுகள் உண்டு. சந்தையில் விற்ற குஞ்சுப் பிரசுரங்களும் உண்டு. அவற்றை நாட்டார் வழக்காற்றியலாளர்கள் சேகரித்து வைத்திருக்கிறார்கள். டேவிட் ஆர்னால்ட் 1984-இல் அடித்தள மக்கள் ஆய்வுத் தொகுதி ஒன்றில் சென்னை மாகாணப் பஞ்சத்தை உழவர் பிரக்ஞையின் பக்கமிருந்து வாசிக்க முயன்றார். ரணஜித் குஹாவும் அவர் குழுவினரும் நமக்குக் கற்றுக்கொடுத்தது இதுதானே: அதிகாரி எழுதிய குறிப்பைத் தலைகீழாகப் பிடித்து வாசி, அவன் எங்கே எரிச்சலடைகிறானோ அங்கே ஒரு மனிதன் மறுத்திருக்கிறான் என்று. ஜனங்கள் 'சோம்பேறிகளாகிவிடுவார்கள்' என்று அதிகாரிகள் மறுபடி மறுபடி அஞ்சினார்கள். அந்த அச்சத்தைத் திருப்பிப் போட்டால், இவ்வளவு தானியத்துக்கு இவ்வளவு மண் சுமக்கமாட்டேன் என்று நின்ற சிலர் தெரிகிறார்கள். அதற்கு மேல் அவர்களைப் பேசவைக்க என்னால் முடியாது. அவர்கள் வாயில் என் வசனத்தை வைப்பதும் இன்னொரு படர்க்கைதான்.

பஞ்சத்தில் முதலில் விழுந்தவர்கள் யார் என்பதில் மர்மம் இல்லை. நிலமில்லாத விவசாயக் கூலிகளும் கைத்தறி நெசவாளர்களும். தமிழகத்து வட மாவட்டங்களில் நிலமில்லாத கூலி என்றால் பெரும்பாலும் யார் என்று இந்த இதழின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பஞ்சம் முடிந்து 13 வருஷம் கழித்து, 1891-இல், செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். 1892-இல் வந்த பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு அது அடிப்படையாக அமைந்தது. அந்த நிலத்தைக் கேட்டு 1994-இல் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் மடிந்ததை நாம் மறந்திருக்க முடியாது. கால்வாயின் தெற்குத் துண்டு போவது இந்தச் செங்கல்பட்டுச் சீமை வழியாகத்தான். மண் வெட்டியவர்களுக்கு அந்த மண்ணில் ஒரு காணி இல்லாமல் போன கதையும் கால்வாயின் கதையும் ஒரே நிலத்தில் நடந்தவை.

5

திரும்பி வரும்போது நகரத்துக்குள்ளும் கொஞ்ச தூரம் சைக்கிளில் போய்ப் பார்த்தோம். மந்தைவெளியில் தெற்குக் கால்வாய்க் கரைச் சாலை என்று பெயரே இருக்கிறது. கரை எங்கே, கால்வாய் எங்கே என்று தேடத்தான் வேண்டும். தலைக்கு மேலே பறக்கும் ரயில் ஓடுகிறது. அதன் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கி நிற்கின்றன. கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995-இலும், மயிலாப்பூர் வரை 1997-இலும், வேளச்சேரி வரை 2007-இலும் அந்தப் பாதை திறக்கப்பட்டது. பஞ்சக் கூலிகள் வெட்டிய அதே 8 கிலோமீட்டரின் பெரும்பகுதி இன்று ரயில் நிலையங்களின் நிழலில் கறுப்புச் சாக்கடையாகக் கிடக்கிறது. தோணிப் போக்குவரத்து 1965, 1966 புயல்களுக்குப் பிறகு நொடித்துப்போயிருந்தது. பயன்படாத இடம், எடுத்துக்கொண்டால் என்ன என்பது அரசின் தர்க்கம்.

நான் கேட்பது தொழில்நுட்பக் கேள்வி இல்லை, ஒரு சொல்லைப் பற்றியது. நீர்வழிக்குள் தூண் நட்டு, நிலையம் கட்டி, அகலத்தைக் குறுக்கியதற்கு அரசு ஆவணங்களில் பெயர் 'திட்டம்'. அதே கரையில் தகரமும் தென்னங்கீற்றும் வைத்துப் பத்தடிக்குப் பத்தடி வீடு கட்டியதற்குப் பெயர் 'ஆக்கிரமிப்பு'. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும், குறிப்பாக 2015 டிசம்பருக்குப் பிறகு, நகரம் மூழ்கியதற்குக் குற்றவாளிகளாக நிறுத்தப்பட்டவர்கள் இரண்டாம் வகையினர். சொல்லாடல் என்று நாம் வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டிருப்பது இந்த மாதிரி இடத்தில் புல்டோசராக வந்து நிற்கிறது.

அப்புறம் அவர்களை எங்கே அனுப்புகிறார்கள் என்று பாருங்கள். 2000-த்தையொட்டி ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர். சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. அதன் பிறகு பெரும்பாக்கத்து அடுக்குமாடிகள். கூவம் சீரமைப்புக்காக வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் அங்கேதான் கொண்டுபோய் இறக்கப்பட்டன. மூன்றுமே தெற்கே, பழைய மகாபலிபுரம் சாலையோரம், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. சதுப்பு நிலத்து வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாக வந்து சேருகிற நீர்வழி எது? பக்கிங்காம் கால்வாய். கண்ணகி நகர் அதன் மேற்குக் கரைப் பக்கமே இருக்கிறது. நீர்நிலை ஓரத்தில் வசிப்பது ஆபத்து என்று சொல்லித் துரத்தப்பட்டவர்கள், அதே நீரோட்டத்தின் கீழ்ப்பகுதிக்கு, வேலையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் 20 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைக்கப்பட்டார்கள். இதற்கும் பெயர் கொடை: வீடு கொடுத்திருக்கிறோம் என்கிறார்கள். 1877-இல் கூலி கொடுத்தார்கள். இலக்கணம் மாறவே இல்லை.

கால்வாயைக் காப்பாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையை ஆந்திரக் கரையில் இந்தக் கால்வாய் உள்வாங்கிக்கொண்டு கடலுக்கே திருப்பிவிட்டதால் பல கிராமங்கள் தப்பின என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். உள்ளபடியே அது கடற்கரைக்கு ஒரு கேடயம். 2008-இல் இது தேசிய நீர்வழி 4-இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது. தூர் வாரவேண்டும், கழிவுநீர் கலப்பதை நிறுத்தவேண்டும், பாதை போட்டால் நல்லதுதான். சைக்கிளில் போன எனக்கு அதில் ஆசையும் உண்டு. கரையோரம் மரம் நட்டு, நடைபாதை போட்டு, பாரம்பரியத் தடம் என்று பெயர்ப்பலகை வைக்கும் பேச்சு இன்றைக்கு நகரத் திட்டக்காரர்களிடம் சரளமாகப் புழங்குகிறது. செசபீக் கால்வாய்க்கு நடந்தது இங்கும் நடக்கலாம். ஒரு வித்தியாசம்தான். அங்கே தடம் பூங்காவானபோது கழுதைகளை மறுகுடியமர்த்த வேண்டியிருக்கவில்லை. இங்கே தடத்தின் மேல், அதை மிதித்து உண்டாக்கியவர்களைப் போன்ற மனிதர்களே இன்னும் வசிக்கிறார்கள்.

எனவே கால்வாயைப் பற்றி எழுதும் நாமும், அதற்காக இயங்கும் சூழலியல் அமைப்புகளும் ஒரு குறைந்தபட்ச நிபந்தனையை ஏற்கவேண்டும் என்று நினைக்கிறேன். சீரமைப்பு என்கிற வார்த்தை வரும் ஒவ்வொரு அறிக்கையிலும் முதலில் தேடவேண்டியது கரையில் இருப்பவர்களின் பெயர். அவர்களை எண்ணிக்கையாக மட்டும் எழுதிய அறிக்கையை நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது. வரைபடம் போடும் மேசையில் அவர்கள் உட்காரவேண்டும். அகற்றியே ஆகவேண்டிய வீடு என்றால், நடந்துபோகிற தூரத்தில் மாற்று இடம் தரவேண்டும். கவனியுங்கள், தரவேண்டும் என்கிறேன். தருவது தன்மைக்கும் முன்னிலைக்கும் இடையே நடப்பது. எதிரே ஒருவர் 'எனக்கு' என்று சொன்னால்தான், 'உனக்கு' என்று கேட்டுக்கொள்ள இன்னொருவர் இருந்தால்தான் அந்த வினை நிகழும்.

மரக்காணத்துப் பெரியவர் பேசியதில் ஓர் இடத்தில்கூட 'அவங்க' வரவில்லை. நாங்க இழுத்தோம், நாங்க பாய் கட்டினோம், எங்க அப்பா என்றே சொன்னார். தோணி இழுத்தவர்களில் கடைசித் தலைமுறை அது. இன்னும் பத்து வருஷத்தில் இந்த 'நாங்க' இருக்காது. 1877-இன் 'நாங்க'ளைக் கேட்க அப்போது யாரும் இல்லை. கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் இன்றைக்கு அது உரக்கவே ஒலித்துக்கொண்டிருக்கிறது. கேட்டு எழுதுகிற வேலைதான் பாக்கி.